மூன்றரைச் சுற்று ஆக்ஸில்

இந்த ஊரில் பனிக்கட்டியைச் சுடுதண்ணீர் விட்டுத்தான் மெழுகுகிறார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் நாள் நானும் நம்பவில்லை. நாலு கல்யாண மண்டபத்தை ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஒரு கூடம், அதற்குள் உறைய வைத்த தரை. காலில் கத்தி கட்டிக்கொண்டு ஆட்கள் அதன்மேல் ஓடியும் குதித்தும் கீறி வைத்துவிட்டுப் போவார்கள். டிராக்டர் மாதிரி ஒரு வண்டியில் ஏறி, மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து, பின்னாலேயே சுடுதண்ணீரைப் பரப்பிக்கொண்டு போக வேண்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பழைய ஐஸோடு ஒட்டாது, மேடும் பள்ளமுமாக நிற்கும். சுடுதண்ணீர் பழையதைக் கொஞ்சம் உருக்கி, அதோடு கலந்து, கண்ணாடியாக உறையும். அந்த வண்டியை ஓட்டுகிறவன் நான்தான். ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில், "இங்கே எனக்கு ஐஸ் வைக்கிற வேலை" என்று எழுதிவிட்டேன். "யாருக்கு?" என்று ஒற்றை வார்த்தையில் என் தம்பி பதில் போட்டான்.

தம்பிக்குச் சிரிப்பு. ஆனால் ஓசூர்த் தொழிற்பேட்டையில் பதினோரு வருஷம் லாரி ஆக்ஸில் கடைந்தவனுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோதே, "அந்தக் குளிரை எப்படித் தாங்குவே?" என்று கேட்டவர்கள் உண்டு. தாங்கினேன். தமிழ் மட்டும் தெரிந்து போனவன், ஆறே மாதத்தில் கன்னடத்தில் பேரம் பேசவும் தெலுங்கில் பெண் கேட்கவும் கற்றுக்கொண்டேன். கேட்ட பெண் கெலவரப்பள்ளி மல்லிகா. அவளுடைய அண்ணன் கனடாவில் இருந்தார். அவர் கூப்பிட்டதால்தான் எண்பதுகளின் கடைசியில் நாங்களும் கிளம்பினோம். ஓசூர் பஸ் நிலையத்தில் பெங்களூர் பஸ் ஏறினோம். கடைசி சீட்டுதான் கிடைத்தது. நான் அப்படியே திரும்பி மண்டி போட்டு, பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். வழியனுப்ப வந்த ஷிப்ட் ஆட்கள் சின்னதாகிப் போனார்கள், பிறகு மலைக்கோயில் சின்னதாகிப் போனது. "கழுத்து சுளுக்கிக்கும், முன்னால பாருங்க" என்றாள் மல்லிகா. ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டுகிற வரைக்கும் நான் திரும்பவில்லை.

இங்கே வந்தால், ஆக்ஸில் கடைய ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டவர்களே, "கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். நேற்று இறங்கினவனுக்கு எங்கிருந்து அனுபவம் வரும்? கடைசியில் இந்தச் சின்ன ஊரின் ஐஸ் கூடத்தில் கம்ப்ரஸர் நின்றுபோன ஒரு நாள், மச்சானோடு வேடிக்கை பார்க்கப் போன நான், சத்தத்தைக் கேட்டே வால்வு போய்விட்டதைச் சொன்னேன். அடுத்த வாரம் வேலை கொடுத்தார்கள். வேலை கிடைத்ததே தவிர, மனசு ஒட்டவில்லை. என் கைக்குத் தெரிந்த வேலை இங்கே யாருக்கும் தெரியாது என்ற குமைச்சல் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் கூடத்தில் இரண்டு ஜாதி. ஒன்று ஹாக்கி ஜாதி, முட்டி மோதுவார்கள். இன்னொன்று ஃபிகர் ஸ்கேட்டிங் ஜாதி. பாட்டுக்கு ஏற்ற மாதிரி சுழல்வார்கள், தாவுவார்கள். ஐஸ் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதில் இரண்டு கூட்டத்துக்கும் தண்ணீர்ச் சண்டை மாதிரி ஓயாத சண்டை. ஸ்கேட்டிங் கூட்டத்துக்குத் தலைவி மார்ஜரி என்கிற ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். அவரும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டே பயிற்சி பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது டேரில் என்கிற இருபத்தொரு வயது உள்ளூர்க்காரனை. ஆண்கள் பிரிவில் தேசியப் போட்டி வரைக்கும் போகிற அளவுக்குத் திறமைசாலி. உலகப் போட்டிக்கு இந்த நாட்டிலிருந்து இரண்டு பேர்தான். அந்த இரண்டில் ஒருத்தனாக டேரில் வர வேண்டும் என்பது ஊருக்கே வேண்டுதல்.

ஒரு நாள் மார்ஜரி பெருமூச்சு விட்டார். "டேரிலின் ஆக்ஸெல்தான் கவலையாக இருக்கிறது, கோவிந்த். கடைசி நேரத்தில் கைவிட்டுவிடுகிறது."

எனக்கு உடம்பெல்லாம் காது. வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் பேசாத என் தொழில்!

"எந்த ஆக்ஸில்? முன்னாலா, பின்னாலா?" என்றேன்.

"கிளம்புவது முன்பக்கமாக. இறங்குவது பின்பக்கமாக."

"மொத்தம் எத்தனை?"

"மூன்று. சரியாகச் சொன்னால் மூன்றரை."

மூன்று ஆக்ஸில் என்றால் பத்துச் சக்கர லாரி. அரை ஆக்ஸில் பின்னால் இழுக்கிற டிரெய்லருக்கு என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆனால் டேரிலிடம் இருந்ததோ ஒரு பழைய பிக்அப் வண்டி. டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று நினைத்து, ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டேன். டேரில் பயிற்சி முடித்து வந்தபோது அவன் வண்டிக்கு அடியிலிருந்து என் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "பின் பேரிங் தேய்ந்து கிடக்கிறது, இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் ரோட்டிலேயே ஆக்ஸில் கட்டாகியிருக்கும்" என்று பனியில் படுத்தபடியே அவனுக்குப் பாடம் எடுத்தேன். அவன் திகைத்துப்போய் உள்ளே போய் மார்ஜரியைக் கூட்டி வந்தான். விஷயம் புரிந்ததும் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆக்ஸெல் என்பது ஒரு தாவல். யாரோ ஒருத்தர் பேரால் அழைக்கிறார்கள். மற்ற தாவல்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்புவது. இது ஒன்றுதான் முகத்தை முன்னால் வைத்துக் கிளம்புவது. ஆனால் எந்தத் தாவலாக இருந்தாலும் இறங்குவது பின்பக்கமாகத்தான். அதனால் இதற்கு மட்டும் அரைச் சுற்று அதிகம். அந்த அரைச் சுற்றில்தான் டேரில் விழுந்துகொண்டிருந்தான். பேரிங்கை நான் மாற்றிக் கொடுத்ததில் எனக்கு ஊரெல்லாம் 'ஆக்ஸில்காரன்' என்று பேர் வந்தது. அவமானம்தான். ஆனால் பேர் சரியான பேர், நான் மறுக்கவில்லை.

இதைக் கேட்டு மல்லிகாவுக்கு அந்தத் தாவலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு நாள் வந்தாள், மறுநாளும் வந்தாள், பிறகு பெஞ்சில் அவளுக்கென்று இடமே வந்துவிட்டது. ஆங்கிலம் அரைகுறை, அது அவளை நிறுத்தவில்லை. ஓசூர்ச் சந்தையில் மூன்று பாஷையில் திட்டி விலை குறைத்தவள், நாலாவது பாஷையில் பாராட்டுவதா கஷ்டம்? டேரில் தாவும்போது அவள் சுற்றுகளைத் தெலுங்கில் எண்ணுவாள்: "ஒகடி, ரெண்டு, மூடு..." கடைசியில் "அர!" என்று ஒரு கத்து. மார்ஜரி கூட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் தெலுங்கில் எண்ணுவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரிலிருந்து நீல நிற ஏர்மெயில் வந்தது. பழைய தொழிற்சாலையில் புதிய லைன் போடுகிறார்கள். ஃபோர்மேன் வேலை உனக்கு, மாசக் கடைசிக்குள் பதில் எழுது என்று என் பழைய மேனேஜர் எழுதியிருந்தார். நான் அன்றைக்கே பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டேன். மல்லிகா அதை மறுபடி மேலே ஏற்றி வைத்தாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாவது நாள் அவளே வந்தாள்.

"பூ வெச்சுக் கேட்டுப்புடலாங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வர முடியாத விஷயத்துக்கு இதுதான் வழி. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. அப்புறம் மறுபேச்சு கிடையாது.

"இங்க கோயிலும் இல்ல, அரளியும் இல்ல. எங்க போயிக் கேப்பே?"

"டேரிலுதான் நம்ம பூ. அவன் ஒலகப் போட்டிக்குப் போனான்னா இங்கியே இருக்கறோம். போவலன்னா ஊருக்குப் போறோம். சம்மதமா?"

நான் உடனே சம்மதித்தேன். காரணத்தை மறைக்க மாட்டேன். பயிற்சியில் நான் பார்த்த வரையில் பத்துக்கு ஏழு தடவை அவன் அந்த அரைச் சுற்றில் உட்கார்ந்துவிடுவான். பெட்டி மறுபடி கீழே வந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

ஆனாலும் பாருங்கள், அந்த மாசம் முழுக்க நான் அவனுக்கு ஐஸ் வைத்த மாதிரி வேறு யாருக்கும் வைத்ததில்லை. ஹாக்கிக்கு ஐஸ் கல்லாக இருக்க வேண்டும். தாவி இறங்குகிறவனுக்குக் கொஞ்சம் இளகி, கத்தியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸரைக் கூட்டிக் குறைத்து, தண்ணீரின் சூட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவன் தாவிய இடத்தில் கீறலின் ஆழத்தை நகத்தால் தடவிப் பார்ப்பேன். ஏன் இதைச் செய்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், தொழில் என்றால் தொழில்தான் என்று சொல்லியிருப்பேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தேசியப் போட்டி வேறொரு நகரத்தில். நாங்கள் எல்லோரும் ஐஸ் கூடத்துச் சிற்றுண்டிச்சாலையில் தொலைக்காட்சி முன்னால் மதியமே கூடிவிட்டோம். காலையில் மல்லிகா டேரிலின் போட்டோவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி வாணலியில் போட்டதில் வீட்டின் புகை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தது தனிக் கதை. மார்ஜரி ஒரு நீளத் துணியில் டேரில் பேரைத் தைத்து வந்திருந்தார்.

எனக்கு ஓசூர் ஞாபகம் வந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே நடந்த கபடிப் போட்டி, இறுதி ஆட்டம், ஜூஜூவாடிப் பக்கத்து மைதானம். எங்கள் ஆக்ஸில் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. எங்கள் ஆள் கோட்டைத் தொடவில்லை என்று நடுவர் சொன்னார். தொட்டான் என்று நாங்கள் மூன்று பாஷையிலும் சொன்னோம். கூட்டம் உள்ளே இறங்கியதும், நடுவர் விசிலை வாயில் கவ்வியபடியே ஓடி, யாரோ ஒருத்தருடைய சைக்கிளில் தொற்றிக்கொண்டு அத்திப்பள்ளிப் பக்கம் பறந்துவிட்டார். செக்போஸ்ட் வரைக்கும் துரத்தினோம். அங்கே எல்லோரும் பிரேக் போட்ட மாதிரி நின்றோம். தாண்டினால் கர்நாடகா, போலீஸ் வேறு, வாங்குகிற அடியும் வேறு. என்னோடு மூச்சு வாங்க நின்ற ஃபிட்டர் பசவராஜ்தான் என் தோளில் கை போட்டு, "ஹோக்லி பிடு" என்றார். கன்னடத்தில் 'போகட்டும் விடு' என்று அர்த்தம். திங்கட்கிழமை அதே நடுவர் பக்கத்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். அதே பசவராஜ் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் தோல்வி என்றால் அவ்வளவுதான்: ஒரு ஓட்டம், ஒரு டீ.

டேரில் வந்தான். அவன் முதலில் எடுத்ததே அந்த ஆக்ஸெல். முகத்தை முன்னால் வைத்துக் கிளம்பினான். "ஒகடி, ரெண்டு, மூடு" என்று கூடம் முழுக்க எண்ணியது. "அர!" இறங்கிவிட்டான். ஒற்றைக் காலில், கம்பி பிடித்தாற்போல் நேராக. மேஜையிலிருந்த காபியெல்லாம் தரையில். மார்ஜரி மல்லிகாவைத் தூக்கிவிட்டார். கடைசித் தாவலில் மட்டும் அவன் விரல் ஒன்று ஐஸைத் தொட்டது. விரல்தான், கை கூட இல்லை.

ஒன்பது நடுவர்கள். ஆக்ஸில் கடைகிற இடத்தில் அளவு பார்க்க கேஜ் என்று ஒரு வளையம் இருக்கிறது; ஆக்ஸில் அதற்குள் போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜக்ட். இங்கே ஒன்பது ஜோடிக் கண்கள்தான் கேஜ். நாலு பேர் டேரிலுக்கு இரண்டாம் இடம் போட்டார்கள். ஐந்து பேர் மூன்றாம் இடம் போட்டார்கள். ஒரே ஒரு ஆளால் அவன் மூன்றாமவன் ஆனான். உலகப் போட்டிக்கு மற்ற இரண்டு பேர்.

"அநியாயம்டா!" என்று ஒரு குரல் கேட்டது. "எவன்டா அவன் அஞ்சாவது ஆளு? ஒரு வெரலுக்கு ஒரு வருசத்தக் காவு வாங்குவியா? கண்ண எங்கடா வெச்சிருந்த?" நாற்காலி ஒன்று விழுந்தது. அது என் குரல், என் நாற்காலி. மற்றவர்கள் ஒருத்தரும் கத்தவில்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார்கள். ஜெயித்த இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. துரத்துவதற்கு ஒரு நடுவரும் இல்லை, ஓடுவதற்கு ஒரு செக்போஸ்ட்டும் இல்லை. மார்ஜரி மட்டும் துணியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தேன். என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் தேடினேன், தமிழில் தேடினேன். வந்தது பசவராஜின் கன்னடம்தான்.

"ஹோக்லி பிடு."

மார்ஜரி சடாரென்று நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "ஹாக்கியா? இந்த நேரத்தில் ஹாக்கியைப் பற்றியா பேசுகிறாய், கோவிந்த்?"

கூடமே என்னை முறைத்தது. நான் பதறிப்போய், இது ஹாக்கி இல்லை, எங்கள் ஊர் எல்லையில் பேசுகிற பாஷை, போகட்டும் விடு என்று அர்த்தம் என்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். விளக்க விளக்க மார்ஜரியின் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன், சிரித்துவிட்டார். கண்ணீரோடு சிரித்தார். பிறகு ஒவ்வொருத்தராக அதைச் சொல்லிப் பார்த்தார்கள். "ஹாக்லி பிடு, ஹாக்லி பிடு." துணியைச் சுருக்கம் விழாமல் மடித்தார்கள், அடுத்த வருஷம் வேண்டுமே. டேரிலுக்கு ஒரு பெரிய வாழ்த்து அட்டை எடுத்து எல்லோரும் எழுதினார்கள். மல்லிகா தெலுங்கில் ஏதோ எழுதினாள். கடைசியில் அட்டை என்னிடம் வந்தது. ஓசூரில் நான் பாஸ் பண்ணின ஒவ்வொரு ஆக்ஸிலிலும் சுத்தியலால் அடிக்கிற என் முத்திரை எண் பதினாலு. "ஆக்ஸில் ஓகே, 14" என்று எழுதிக் கொடுத்தேன்.

பனியில் நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில் மல்லிகா சட்டென்று நின்றாள்.

"நெஜத்தச் சொல்லுங்க. அவன் தோத்தா ஊருக்குப் போறதுன்னுதான பேச்சு?"

"ஆமா."

"அப்ப நீங்கதான ஜெயிச்சீங்க? என்னாத்துக்கு அந்தக் கத்து கத்தனீங்க?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தபோது, ஓசூர் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அந்தப் பையன் தாவியது நான் மெழுகின ஐஸில் பழகின தாவல். அவனுக்குக் குறைத்துப் போட்டது எனக்கும் குறைத்துப் போட்டதுதான். இந்த ஊர் எனக்கு எப்போது ஊராயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கத்தின பிறகுதான் தெரிந்தது.

"பூவு சரியா விழலடி" என்றேன். "மறுபடி கேக்கலாம்."

"மறுபடி கேட்டா சாமி குத்தம்."

"குத்தம் ஜட்ஜுங்க மேல. நாலுக்கு அஞ்சு, அதெல்லாம் ஒரு தீர்ப்பா? அப்பீல் பண்றேன்."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அப்பீல் அங்கேயே அனுமதிக்கப்பட்டது. அன்று சாயங்காலமே மேனேஜருக்கு, வரவில்லை என்று பதில் எழுதினேன். பதினாலாம் எண் முத்திரை இனி வேறொருத்தர் கைக்குப் போகும். அந்த மெஷின் சத்தத்தை இனி நான் கேட்கப் போவதில்லை. கடித உறையை ஒட்டும்போது நாக்கில் பட்ட கோந்துக் கசப்பு, படுக்கிற வரைக்கும் இருந்தது. நீங்கள் யாராவது என்னைப் போல வந்து, இருப்பதா போவதா என்று பூ வைத்துக்கொண்டிருந்தால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முடிவைச் சொல்வது பூ இல்லை. பூ விழுந்ததும் நீங்கள் போடுகிற கத்துதான்.

பத்து நாள் கழித்து டேரில் பயிற்சிக்கு வந்தான். கத்தியை மாட்டுவதற்கு முன்னால் நேராக என் வண்டிக்கு வந்தான். "பதினாலு என்றால் என்ன?" என்று கேட்டான். சொன்னேன். "அப்படியென்றால் ஒன்பது பேர் இல்லை, பத்து நடுவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு ஐஸை இரண்டு முறை மெழுகினேன்.

மல்லிகாவும் நானும் தடுப்போரமாக நின்றோம். அவன் எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரை நேராகப் பார்த்து வேகம் எடுத்தான். ஒகடி, ரெண்டு, மூடு. அந்த அரைச் சுற்றுக்கு நானும் சேர்ந்து கத்தினேன். சுத்தமாக இறங்கினான். கைகளை விரித்து, ஒற்றைக் காலில், பஸ்ஸின் கடைசி சீட்டில் மண்டி போட்டவனைப் போல எங்களையே பார்த்துக்கொண்டு, எங்களைவிட்டு வேகமாக விலகிப் போய்க்கொண்டிருந்தான்.

"முன்னால பாருடா, கழுத்து சுளுக்கிக்கும்" என்றாள் மல்லிகா. அவனிடம்தான் சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.